கன்டெய்னர் திரும்பாத வளைவும் எங்கள் ஊருக்கு வந்த பனியன் கம்பெனியும்

அதிகாலை நாலரை மணிக்கு எங்கள் ஊரில் முதலில் கேட்பது மில் வண்டியின் ஹாரன்தான். வேடசந்தூர் சுற்றுவட்டாரத்தில் நூல் மில்கள் நிறைய. முதல் ஷிப்டுக்கு ஆள் ஏற்றும் வேன்கள் ஊர் ஊராக நின்று ஹாரன் அடித்துக்கொண்டே போகும். கல்யாணத்துக்கு முன் இரண்டரை வருடம் நானும் அந்த வண்டியில் போனவள்தான். டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கியபடியே போவோம். திரும்பி வரும்போது தலைமுடியெல்லாம் பஞ்சாக இருக்கும்.

2011 அக்டோபரில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் நான் ஊராட்சித் தலைவரானேன். அப்போது மனதில் ஒரே ஆசைதான் இருந்தது. நடந்து போகிற தூரத்தில் ஒரு நல்ல வேலையிடம் வர வேண்டும், பொழுது இறங்குவதற்குள் பெண்கள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். ஐந்து வருடப் பதவியில் பாதி நாள், யாரிடம் எதைக் கேட்பது என்று தெரியாமல் அலைந்ததிலேயே போய்விட்டது. உங்களில் யாராவது இப்போது ஊராட்சிப் பொறுப்பில் இருந்தால், இல்லை ஊருக்கு ஒரு தொழில் வராதா என்று ஏங்கிக்கொண்டிருந்தால், அந்த அலைச்சலில் கொஞ்சமாவது உங்களுக்குக் குறையட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் நான் செய்தது, எல்லோரும் செய்வதுதான். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டர் அலுவலகத்துக்குப் போய், "எங்கள் ஊருக்குத் தொழிற்சாலை அமைத்துத் தர வேண்டும்" என்று ஒரு மனு கொடுத்தேன். மனு மாவட்டத் தொழில் மையத்துக்குப் போனது. அங்கிருந்த ஓர் அதிகாரி என்னை உட்காரவைத்துப் பொறுமையாகப் பேசினார்.

"அம்மா, சிப்காட் மாதிரி பேட்டை என்றால் அது நூற்றுக்கணக்கான ஏக்கர் விவகாரம். அது அரசாங்க மட்டத்தில் முடிவாகிறது. தனியார் ஒருத்தர் தானாக உங்க ஊருக்கு வரணும்னா நாலு கேள்வி கேட்பார். கரண்ட் எப்படி? ரோடு எத்தனை அடி? இடம் யார் பேர்ல இருக்கு? ஆள் எத்தனை பேர் கிடைப்பாங்க? இந்த நாலுக்கும் உங்ககிட்ட பதில் இருக்கா?"

ஒன்றுக்கும் இல்லை. "எங்க ஊரு நல்ல ஊரு சார், ஜனங்க நல்ல ஜனங்க" என்பதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் அந்த நாலு கேள்விகளையும் மனுவின் நகல் பின்னால் எழுதி வைத்துக்கொண்டேன். அடுத்த மூன்று வருடம் நான் செய்த வேலையெல்லாம் அந்தத் தாளுக்குப் பதில் எழுதியதுதான்.

இருப்பிடம் எங்களுக்கு நல்ல இருப்பிடம். கரூர்–திண்டுக்கல் நான்கு வழிச் சாலை ஊரிலிருந்து ஆறு கிலோமீட்டர். இப்போது அது தேசிய நெடுஞ்சாலை 44. பழைய ஆட்களுக்கு இன்னும் ஏழாம் நம்பர் ரோடு. வடக்கே கரூர் ஒரு மணி நேரம், அங்கே ஜவுளி ஏற்றுமதி. மேற்கே ஒட்டன்சத்திரம், தாராபுரம் வழியாகத் திருப்பூர் நூறு கிலோமீட்டர் சொச்சம். தெற்கே மதுரை தாண்டினால் தூத்துக்குடித் துறைமுகம் நாலு மணி நேரத்தில். திருப்பூர் பனியனும் கரூர் திரைச்சீலையும் கப்பல் ஏறப் போகும் பாதையில் நாங்கள் நடுவில் உட்கார்ந்திருக்கிறோம். வரைபடத்தில் பார்க்கும்போது எனக்கே பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை ஓர் ஓடைப் பாலத்தில் வந்து நின்றது.

2012 கடைசியில் கரூர்ப் பக்கமிருந்து ஒருவர் காரில் வந்தார். வெளிநாட்டுக்குச் சமையலறைத் துண்டு தைத்து அனுப்புகிறவர். ஊரைச் சுற்றிக் காட்டினோம். இளநீர் கொடுத்தோம். "பார்த்துச் சொல்றேனுங்க" என்று போனவரிடமிருந்து ஒரு மாதமாகியும் பதில் இல்லை. சாதிப் பிரச்சினை ஏதாவது காதில் விழுந்திருக்குமோ, நிலத்தின் விலை கேட்டுப் பயந்துவிட்டாரோ என்று நாங்களே ஏதேதோ நினைத்துக்கொண்டோம். அப்புறம்தான் டீக்கடைக்காரர் சொன்னார். அன்றைக்குக் கார் டிரைவர் டீ குடிக்கும்போதே சொல்லிவிட்டாராம்: "இந்த ஓடைப் பாலத்து வளைவுல நாப்பதடி வண்டி திரும்பாதுங்க. முதலாளி வர்றப்பவே அதத்தான் பார்த்தாரு."

பத்து வருடமாக அந்த வளைவில் போய் வருகிறேன். டவுன் பஸ் திரும்புகிறது, மில் வண்டி திரும்புகிறது, நெல் அறுக்கும் மெஷின்கூட எப்படியோ திரும்பிவிடுகிறது. கன்டெய்னர் திரும்புமா என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

எங்கள் ஊரில் தூத்துக்குடி லைனில் லாரி ஓட்டும் தம்பி ஒருவர் இருக்கிறார். லீவுக்கு வந்திருந்தவரை அழைத்துக்கொண்டு நான்கு வழிச் சாலையிலிருந்து ஊர் வரைக்கும் ஆறு கிலோமீட்டரும் நடந்தேன். கையில் டேப்பும் ஒரு நோட்டும். "நீ பெரிய வண்டி ஓட்டிக்கிட்டு வர்றதா நினைச்சுக்கோ தம்பி. எங்கெல்லாம் பிரேக் போடுவியோ சொல்லு" என்றேன். அவர் ஐந்து இடம் சொன்னார். முதலாவது அந்த வளைவு. இரண்டாவது, பாலத்தின் இருபக்கத் திண்டு, அகலம் போதாது. மூன்றாவது, புளியமரக் கிளைகள். நான்காவது, தாழ்ந்து தொங்கிய மின்கம்பி. ஐந்தாவது என்னைத் திடுக்கிட வைத்தது: ஊர் முகப்பில் கோயில் திருவிழாவுக்காக நாங்களே வசூல் செய்து கட்டிய அலங்கார வளைவு. டிரெய்லர் மேல் ஏற்றிய உயரமான கன்டெய்னர் தரையிலிருந்து பதினாலரை அடி வரும். எங்கள் வளைவு பதின்மூன்றரை அடி.

சாலையைப் பற்றி ஒரு விஷயம் எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்ட சாலைகள் பெரும்பாலும் 3.75 மீட்டர் அகலம், ஒற்றை வழி. கிராமத்துப் போக்குவரத்துக்காகப் போட்டவை. அதில் தினமும் பாரவண்டி ஓடினால் ஓரம் உடைந்து இரண்டு மழையில் பல்லிளித்துவிடும். இரண்டு வண்டி தாராளமாக எதிரெதிரே போக ஏழு மீட்டர் வேண்டும். ஐந்தரை மீட்டர் இருந்தால் சமாளிக்கலாம். ஊராட்சி ஒன்றியச் சாலையாக இருக்கும்வரை அதை அகலப்படுத்தப் பெரிய நிதி கிடைப்பது கஷ்டம். நெடுஞ்சாலைத் துறை அதை இதர மாவட்டச் சாலையாக எடுத்துக்கொண்டால் வழி பிறக்கும். ஆனால் அதற்கு வருடக்கணக்காகும். ஆகவே கோரிக்கையை முதல் வருடமே எழுதிக் கொடுத்து ரசீது வாங்கி வைத்துவிட்டு, கையால் முடிகிற வேலைகளை ஆரம்பித்துவிடுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். மரக்கிளைக்கு வருவாய்த் துறையில் அனுமதி, கம்பிக்கு மின்வாரியத்தில் மனு, இரண்டும் நாலைந்து மாதத்தில் முடிந்தன. அலங்கார வளைவுக்குத்தான் ஊர்க்கூட்டம் இரண்டு முறை கூட்ட வேண்டியதாயிற்று. சாமி காரியம் என்று பெரியவர்கள் தயங்கினார்கள். கடைசியில் வளைவை இடிக்காமல் பக்கத்தில் இருந்த வண்டிப்பாதைப் புறம்போக்கைச் சீர் செய்து, பாரவண்டிகள் சுற்றிப் போகும்படி செய்தோம்.

அந்த ஓடை வளைவுக்கு உள்பக்க மூலையில் ஒரு பெரியவரின் தோட்டம். மூன்று சென்ட் கிடைத்தால் வளைவு விரியும். விலை பேசப் போனோம். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாலு முறை போன பிறகு ஒரு நாள் மழை பெய்துகொண்டிருந்தபோது, "இங்க வந்து பாரும்மா" என்று கூட்டிப் போனார். சாலைத் தண்ணீர் முழுக்க அவர் தோட்டத்தில் பாய்ந்து முருங்கை வேரில் நின்றது. ரோடு போட்டு உயர்த்திய நாளிலிருந்து அப்படித்தானாம். பலமுறை சொல்லியும் யாரும் கேட்கவில்லையாம். "எனக்குக் காசு வேண்டாம். இந்தத் தண்ணிக்கு ஒரு வழி பண்ணு, மூணு சென்ட்ட எழுதித் தர்றேன்" என்றார். சாலைக்கு அடியில் குழாய் போட்டுத் தண்ணீரை ஓடைக்குத் திருப்பினோம். மறுவாரமே ஊராட்சி பெயருக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். பாலத்துக்குத் தொகுதி மேம்பாட்டு நிதியில் பணம் கிடைத்தது. அவர் இப்போது இல்லை. அந்த வளைவில் வண்டி திரும்பும் ஒவ்வொரு தடவையும் எனக்கு அவர் நினைப்பு வரும்.

அடுத்தது கரண்ட். 2012-இல் தமிழ்நாடு பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும். எங்கள் பக்கம் ஒரு நாளில் கரண்ட் இருந்த நேரத்தை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்தச் சமயத்தில் யாரிடம் போய் "எங்கள் ஊரில் தொழில் நடத்துங்கள்" என்று சொல்வது? ஆனால் மாவட்டத் தொழில் மைய அதிகாரி கேட்டது, கரண்ட் இருக்கிறதா என்று இல்லை. கரண்ட் எப்படி என்று. அந்த வித்தியாசம் புரிய எனக்குக் கொஞ்ச நாளாயிற்று.

எங்கள் மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டர் ஒரு நாளைக்கு மூன்று முறை மோட்டார் போடுகிறவர். அவரிடம் ஒரு மீட்டரும் நாற்பது பக்க நோட்டும் கொடுத்தேன். மும்முனை மின்சாரம் எத்தனை மணிக்கு வருகிறது, எப்போது போகிறது, காலை, மதியம், மாலை வோல்டேஜ் எவ்வளவு என்று எழுதச் சொன்னேன். அண்ணன் ஒரு நாள் விடாமல் எழுதினார். இரண்டு மாதத்தில் படம் தெளிவாகிவிட்டது. பகலில் 220-க்குக் குறையாமல் இருந்த வோல்டேஜ், சாயங்காலம் ஆறரை மணிக்கு மேல் 180-க்கு இறங்கியது. ஊர் டிரான்ஸ்பார்மரில் விவசாய மோட்டாரும் வீடுகளும் சேர்ந்து பளு கூடியிருந்ததுதான் காரணம். பகல் ஷிப்ட் மட்டும் ஓடும் தொழிலுக்கு எங்கள் கரண்ட் போதும். ராத்திரியும் ஓடும் நூல் மில்லுக்குப் போதாது. இது தெரிந்த பிறகு நாங்கள் யாரைத் தேட வேண்டும், யாரைத் தேட வேண்டியதில்லை என்பதும் தெரிந்தது.

அந்த நோட்டை எடுத்துக்கொண்டு மின்வாரிய உதவிப் பொறியாளரிடம் போனோம். வழக்கமான புகார் என்றுதான் அவர் முதலில் நினைத்தார். தேதி வாரியாக வோல்டேஜைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து படித்தார். பக்கத்து மில்லுக்குப் போகும் உயரழுத்த லைன் எங்கள் எல்லையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டரில் போகிறது என்பதை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஒரு தொழில் வருமானால் அதிலிருந்து கிளை எடுத்துத் தனி டிரான்ஸ்பார்மர் வைக்கலாம், செலவு விண்ணப்பிக்கிறவர் கட்ட வேண்டும் என்றார். தோராயக் கணக்கும் போட்டுக் கொடுத்தார். வருகிறவர்களிடம் காட்ட அந்த ஒரு தாள் எனக்கு எவ்வளவு உதவியது என்று சொல்லி முடியாது.

ஊராட்சியால் மின்சாரத்தில் என்ன செய்துவிட முடியும் என்று கேட்பவர்களுக்கு மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சியைச் சொல்வேன். 2006-லேயே கடன் வாங்கி, ஒன்றரைக் கோடி ரூபாய்க்கு மேல் செலவில், 350 கிலோவாட் காற்றாலை நிறுவி, ஊர்த் தேவை போக மிச்ச மின்சாரத்தை வாரியத்துக்கே விற்றார்கள். எங்களுக்கு அந்த அளவு சாமர்த்தியம் இல்லை. ஆனால் அவர்கள் அதைச் செய்ததைக் கேள்விப்பட்டதே ஒரு தைரியம்.

இடம் விஷயத்தில் நான் செய்த தப்பு பெரியது. ஊருக்கு மேற்கே ஒன்பது ஏக்கர் மேய்க்கால் புறம்போக்கு. "இவ்வளவு நிலம் சும்மா கிடக்கிறதே" என்று வந்தவர்களுக்கெல்லாம் அதைத்தான் காட்டினேன். அது சும்மா கிடக்கவில்லை. பதினாலு குடும்பத்து ஆடுகள் அதில் மேய்ந்தன. மேலும், அதைக் கம்பெனிக்குக் கொடுக்க ஊராட்சித் தலைவருக்கு எந்த அதிகாரமும் இல்லை. 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், கிராமப் பொது நிலங்களில் உள்ள ஆக்கிரமிப்பை எடுத்து ஊருக்கே திருப்பித் தர எல்லா மாநிலங்களும் திட்டம் போட வேண்டும் என்று சொன்னதைத் தாசில்தார் அலுவலகத்தில் ஒருவர் எடுத்துக் காட்டினார். ஆடு மேய்க்கும் அக்கா ஒருத்தி வீட்டு வாசலில் வந்து நின்று, "எம் பொழப்ப வித்துத்தான் ஊருக்குப் பொழப்புக் குடுப்பியா தாயி?" என்று கேட்டாள். அவளுக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து அந்த நிலத்தை யாருக்கும் காட்டவில்லை.

பிறகு பட்டா நிலங்களைப் பட்டியல் எடுத்தோம். ஒரு இடத்தைச் சொல்வதற்கு முன் பட்டா, புல வரைபடம், முப்பது வருட வில்லங்கச் சான்று, பாதை எந்தச் சர்வே எண்ணில் வருகிறது, இவை நாலும் கையில் இருக்க வேண்டும். கூட்டுப்பட்டா என்றால் பங்காளிகள் எத்தனை பேர், எங்கே இருக்கிறார்கள் என்றும் தெரிய வேண்டும். தரகர்கள் நுழைந்துவிட்டால் விலை ஒரே மாதத்தில் இரட்டிப்பாகிவிடும். எங்களுக்கும் அது நடந்தது. இரண்டு பேர் அதனாலேயே திரும்பிப் போனார்கள்.

இதற்கு நடுவில் சாயப்பட்டறை வந்து கேட்டது. நொய்யல் மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டு, திருப்பூரில் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. அதன் பிறகு வெளியூர்களில் தண்ணீர் உள்ள இடம் தேடிப் பலர் அலைந்தார்கள். அதில் ஒருவர் எங்கள் ஓடையோரத் தோட்டத்துக்குச் சந்தை விலையைப் போல மூன்று மடங்கு தருவதாகச் சொன்னார். எண்பது பேருக்கு வேலை என்றும் சொன்னார். ஊர் இரண்டாகப் பிரிந்தது. என் மச்சினரே, "வந்த லட்சுமிய எட்டி உதைக்காதீங்க அண்ணி" என்றார்.

நான் பேசிப் பார்த்தேன், எடுபடவில்லை. ஒரு வேன் பிடித்துப் பன்னிரண்டு பேரை ஒரத்துப்பாளையம் கூட்டிப் போனேன். நொய்யல் மேல் 1990-களில் விவசாயத்துக்காகக் கட்டின அணை அது. சாயக் கழிவு வந்து தேங்கி, விவசாயிகளே தண்ணீர் வேண்டாம் என்று சொல்லும் நிலைக்கு வந்தது. அணைக்குக் கீழே தோட்டம் வைத்திருந்த ஒருவர் தன் கிணற்றைக் காட்டினார். கிணறு நிறையத் தண்ணீர். "மாடுகூட மோந்து பார்த்துட்டுத் திரும்பிரும்" என்றார். திரும்பி வரும்போது வேனில் யாரும் பேசவில்லை. திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப்புகளால் நிலத்தடி நீர் கெட்ட கதை எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பக்கத்து வீட்டுக் கதையாகக் கேட்பது வேறு, கிணற்றை எட்டிப் பார்ப்பது வேறு. அடுத்த கிராம சபையில் தண்ணீரைக் கெடுக்கும் எந்தத் தொழிலும் வேண்டாம் என்று தீர்மானம் போட்டோம். மூன்று வருடம் ஒரு தொழிலும் வராமல் இருந்தபோது அந்தத் தீர்மானத்தைச் சொல்லி என்னைத் திட்டியவர்கள் உண்டு. இன்றைக்கும் எங்கள் ஓடையோரக் கிணறுகளில் குடிக்கத் தண்ணீர் எடுக்கிறார்கள்.

இப்போது இதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. 2016-லிருந்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள் தொழில்களைச் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்று வகை வகையாகப் பிரித்திருக்கின்றன. சாயம் போடுவது சிவப்பு. சாயமோ சலவையோ இல்லாமல் பனியன் தைப்பது மட்டும் என்றால் வெள்ளை. வருகிறவரிடம் முதல் கேள்வியாக "உங்க தொழில் எந்தக் கலர்?" என்று கேளுங்கள்.

ஆள் கணக்கு எடுத்ததுதான் எனக்கு மனசுக்குப் பிடித்த வேலை. சுய உதவிக் குழு அக்காமார்களோடு வீடு வீடாகப் போனோம். மில் வண்டியில் போகிறவர்கள் எத்தனை, குழந்தைக்காக வேலையை விட்டவர்கள் எத்தனை, யாருக்குத் தையல் தெரியும், எத்தனை மணிக்குமேல் வர முடியும், எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று கேட்டு எழுதினோம். வேலையை விட்டு வீட்டில் இருந்தவர்களே அறுபத்து மூன்று பேர். அதில் பதினெட்டுப் பேர் கல்யாணத்துக்கு முன் திருப்பூரில் ஓவர்லாக், பேட்லாக் தையல் மெஷினில் உட்கார்ந்தவர்கள். பிள்ளை பிறந்ததும் ஊருக்கு வந்துவிட்டவர்கள். எங்கள் ஊரின் ஆகப் பெரிய சொத்து அந்தப் பதினெட்டுப் பேர்தான் என்பது அன்றுவரை எனக்குத் தெரியவே தெரியாது.

அவர்களில் ஒருத்தி திருப்பூரில் தான் முன்பு வேலை பார்த்த கம்பெனி முதலாளிக்குப் போன் போட்டாள். பெரிய கம்பெனி இல்லை. வேறு ஏற்றுமதியாளர்களிடம் ஜாப் ஒர்க் எடுத்துத் தைத்துக் கொடுப்பவர். அங்கே அவருக்கு ஆள் பஞ்சம். தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் திரும்பி வருவதில்லை, வாடகை ஏறுகிறது என்று புலம்பிக்கொண்டிருந்தவர், 2014 தை முடிந்து வந்தார். நான் என் நிலப் பட்டியலை விரித்தேன். அவர் பார்க்கவே இல்லை.

"எனக்கு நெலம் வேண்டாமுங்க. நெலத்துல காசப் போட்டா மெஷினுக்கு எங்க போறது? ஒரு கூரையும் கரண்டும் இருந்தாச் சொல்லுங்க, அடுத்த மாசம் ஆரம்பிச்சர்றேன்."

பள்ளிக்கூடத்துக்கு எதிரே கடலை உடைக்கும் மில் ஒன்று பூட்டிக் கிடந்தது. ஓடு போட்ட பெரிய கொட்டகை, சிமெண்ட் களம், நாற்பது எச்.பி. மின் இணைப்பு. இத்தனை நாள் அதை நான் ஒரு பாழடைந்த கட்டடமாகத்தான் பார்த்தேன். அவர் உள்ளே போய் அண்ணாந்து பார்த்தார், தரையைக் காலால் தட்டினார், மின் பலகையைத் திறந்து பார்த்தார். ஒரு தையல் மெஷினுக்கு அரை எச்.பி. வைத்தால் அறுபது மெஷினுக்கு முப்பது. அயனுக்கும் விளக்குக்கும் மீதி. "இது போதுமுங்க" என்றார். மில்லின் சொந்தக்காரர்கள் நாலு பங்காளிகள், ஒருவர் மலேசியாவில். மின்வாரியத்தில் பாக்கி இருந்தது, இணைப்புத் துண்டிக்கப்பட்டிருந்தது. அதையெல்லாம் சரி செய்ய ஏழு மாதம் ஆனது. அதுவரை அவர் காத்திருந்ததற்குக் காரணம், எங்கள் சமுதாயக் கூடத்தில் பத்து மெஷின் போட்டுப் பெண்களுக்குப் பழக்கிக்கொள்ள நாங்கள் இடம் கொடுத்ததுதான். திருப்பூர் அனுபவம் உள்ள பதினெட்டுப் பேரும் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். கைமடியாக, அதாவது தைக்கிறவருக்குக் கையாளாக, ஆரம்பித்தவர்கள் நாலு மாதத்தில் மெஷினில் உட்கார்ந்தார்கள்.

உங்கள் ஊரிலும் பூட்டிக் கிடக்கும் அரிசி மில், கோழிப் பண்ணை, பழைய சொசைட்டிக் கிடங்கு ஏதாவது இருக்கும். காலி நிலத்தைப் பார்ப்பதற்கு முன் அவற்றைப் போய்ப் பாருங்கள். மின் இணைப்பு எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். மானிய விஷயமும் ஒன்று சொல்லிவிடுகிறேன். தொழிலில் பின்தங்கியவை என்று தமிழ்நாடு அரசு பல ஒன்றியங்களை அறிவித்திருக்கிறது. அங்கே தொடங்கும் சிறு தொழில்களுக்கு இயந்திர முதலீட்டில் மானியம் உண்டு. உங்கள் ஒன்றியம் அதில் இருக்கிறதா என்று மாவட்டத் தொழில் மையத்தில் ஒரு நடை கேட்டுவிடுங்கள். ஆனால் அதை முதலில் சொல்லாதீர்கள். மானியத்துக்காக மட்டுமே வருகிறவர்கள் மெஷினை இறக்குவதில் காட்டும் வேகத்தை நடத்துவதில் காட்டுவதில்லை. அப்படி ஒருவர் எங்களிடமும் வந்தார். இன்னொருவர் ஐம்பது கோடி முதலீடு என்று சொல்லி, வேலைக்கு முன்பதிவு என்று பையன்களிடம் ஆளுக்கு ஐயாயிரம் கேட்டார். வேலை தருகிறவன் காசு கேட்கமாட்டான் என்று ஒலிபெருக்கி கட்டியே சொன்னோம். அவர் பிறகு வரவில்லை.

கம்பெனி வந்ததோடு எல்லாம் சுபம் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் வருடமே சம்பளத் தகராறு. திருப்பூரில் கொடுக்கும் ஷிப்ட் கூலியைவிட இங்கே குறைவாகக் கொடுத்தார். வண்டி வாடகை, துணி ஏற்றி இறக்கும் செலவு என்று அவர் கணக்குச் சொன்னார். பெண்கள் நாலு நாள் போகவில்லை. நான் இரண்டு பக்கமும் பேசினேன். கம்பெனி போய்விடுமோ என்ற பயத்தில் முதலில் பெண்களைத்தான் பொறுத்துப்போகச் சொன்னேன். அது தப்பு. ஒருத்தி கேட்டாள், "நீங்களும் மில்லுக்குப் போனவங்கதானே அக்கா?" அதன் பிறகு உட்கார்ந்து எழுதிவைத்துப் பேசினோம்: குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது, ஈ.எஸ்.ஐ., பி.எஃப். முதல் நாளிலிருந்தே, ஒன்றரை ஷிப்ட் கட்டாயம் கிடையாது. அப்போதிருந்த தொழிற்சாலைச் சட்டப்படி முப்பது பெண்களுக்கு மேல் வேலை பார்த்தால் குழந்தைகள் காப்பக அறை வைக்க வேண்டியிருந்தது. அதை அவர் செலவு என்று நினைத்தார். அறை வந்த பிறகு லீவு போடுகிறவர்கள் குறைந்ததை அவரே கணக்குப் பார்த்துச் சொன்னார். இதையெல்லாம் கம்பெனி வருவதற்கு முன்பே பேசியிருக்க வேண்டும். வரும் சந்தோஷத்தில் விட்டுவிட்டோம்.

ஊராட்சிக்கு என்ன கிடைத்தது என்று பலர் கேட்பார்கள். கட்டட வரியும் தொழில் வரியும் ஊராட்சிக் கணக்குக்கு வருகின்றன. தொழில் வரி ஒருவருக்கு வருடத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போட அரசமைப்புச் சட்டமே அனுமதிக்காது. தையல் சம்பளத்துக்கு அது சொற்பம்தான். பெரிய வருமானம் என்று சொல்ல மாட்டேன். கம்பெனி வாசலில் மூன்று டீக்கடை, ஒரு மெஷின் ரிப்பேர் பட்டறை, மதியச் சாப்பாடு கட்டிக் கொடுக்கும் இரண்டு வீடுகள் வந்தன. 2016 நவம்பரில் பணமதிப்பு நீக்கத்தின்போது மூன்று வாரம் ஆர்டர் நின்றுபோய் எல்லோரும் கலங்கிவிட்டோம். 2020 ஊரடங்கில் முகக்கவசம் தைத்து மீண்டார்கள். இப்போது எண்பத்தைந்து மெஷின். பையன்கள் சிலர், தென்காசி மத்தளம்பாறைக்கு ஜோஹோ வந்தது போல நம் ஊருக்கும் மென்பொருள் கம்பெனி வராதா என்கிறார்கள். அவர்களிடம், யார் யார் என்ன படித்திருக்கிறீர்கள் என்று வீடு வீடாகக் கணக்கெடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

2016-இல் என் பதவிக் காலம் முடிந்தது. மூன்று வருடம் தனி அலுவலர் ஆட்சி, அப்புறம் வந்த தேர்தலில் நான் நிற்கவில்லை. சாலை இன்னும் ஐந்தரை மீட்டர் ஆகவில்லை, கோரிக்கை நடந்துகொண்டிருக்கிறது. தொட்டி ஆபரேட்டர் அண்ணன் ஓய்வு பெற்றுவிட்டார். அவர் எழுதிய நோட்டுகள் என் பீரோவில்தான் இருக்கின்றன. பக்கத்து ஊராட்சிகளிலிருந்து கேட்டு வருகிறவர்களுக்கு முதலில் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறேன்.

கம்பெனி விடுவது மாலை ஆறு மணிக்கு. கடைசி டவுன் பஸ் எங்கள் ஊரைத் தாண்டுவது ஐந்து ஐம்பதுக்கு. மேற்கே இருக்கும் இரண்டு குக்கிராமத்துப் பெண்கள் இருபத்திரண்டு பேர் இரண்டரை கிலோமீட்டர் இருட்டில் நடந்துதான் போகிறார்கள். நேரத்தை மாற்றச் சொல்லிப் போக்குவரத்துக் கழகக் கிளைக்கு மூன்று மனு கொடுத்தாகிவிட்டது. இந்த முறை மனுவோடு, எந்த நாளில் எத்தனை பேர் நடந்து போனார்கள் என்று ஒரு மாதம் எழுதிய நோட்டையும் சேர்த்துக் கொடுக்கப் போகிறோம். இன்றோடு பத்தொன்பது நாள் எழுதியாகிவிட்டது.